காதை அளக்கக் கற்றுக்கொண்ட ஆசிரியர்கள்: மான்செஸ்டர் முதல் பினாங்கு வரை



காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியர், செவிப்புலனியலையும் படித்திருக்க வேண்டுமா? 'காதைச் சோதிக்கிறது டாக்டர் வேலையாச்சே, நமக்கு எதுக்கு?' என்று நம்மில் பலர் கேட்கலாம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. சிறு பிள்ளைகளின் கேட்கும் திறனை எப்படி அளப்பது என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் வகுப்பறை ஆசிரியர்களுக்கு முக்கிய இடம் உண்டு.

கைதட்டிப் பார்த்த காலம்

நூறு வருடங்களுக்கு முன்பு, ஒரு பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க மணியை அடிப்பார்கள், இல்லையென்றால் கையைத் தட்டுவார்கள். பிள்ளை திரும்பினால் கேட்கிறது, திரும்பாவிட்டால் செவிடு. அவ்வளவுதான் சோதனை.

இதில் இரண்டு ஆபத்து இருந்தது. முதலாவது, கைதட்டும்போது வரும் அசைவையும் நிழலையும் பார்த்தே பிள்ளை திரும்பிவிடலாம். இரண்டாவது, கேட்டல் என்பது விளக்கைப் போடுவது, அணைப்பது போல இரண்டு நிலை மட்டும் கொண்டதல்ல. ஒரு பிள்ளைக்குத் தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்கும், உயர்ந்த ஒலிகள் கேட்கவே கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், சொன்ன விஷயம் மட்டும் புரியாது. 'வேணும்னா கேக்குது, வேணாம்னா கேக்கல' என்று திட்டு வாங்குவது இந்தப் பிள்ளைதான்.

1920களில் மின்சார ஆடியோமீட்டர் புழக்கத்துக்கு வந்தது. எந்த ஒலி, எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்பதை வரைபடமாக எழுத முடிந்தது. 'முழுச் செவிடு' என்று ஒதுக்கப்பட்ட பல பிள்ளைகளிடம் மிச்சமாகக் கேட்கும் திறன் இருப்பது தெரிய வந்தது. அந்த மிச்சத்தைப் படிப்புக்குப் பயன்படுத்துவது ஆசிரியரின் வேலையானது.

மான்செஸ்டரில் ஒரு தொடக்கம்

1919-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் காது கேளாதோருக்கான ஆசிரியர் பயிற்சித் துறை தொடங்கப்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தவர் சர் ஜேம்ஸ் ஜோன்ஸ். அவருடைய மகன் எல்லிஸ் லூயிட் ஜோன்ஸ் காது கேளாதவர். பயிற்சி ஆசிரியர்கள் தங்கிய விடுதிக்கு அந்த மகனின் பெயரையே வைத்தார்கள்.

துறையின் முதல் விரிவுரையாளர் ஐரீன் கோல்ட்சாக். மான்செஸ்டரில் காது கேளாத மழலையருக்குப் பாடம் நடத்திய அனுபவத்தோடு வந்தவர். 1922-இல் அவர் அலெக்சாண்டர் யூயிங்கை மணந்தார். அலெக்சாண்டருக்கும் கேட்பதில் குறை இருந்தது. இந்தத் தம்பதியர் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். அங்கே படித்த ஆசிரியர்கள் காதின் அமைப்பு, பேச்சொலி அறிவியல், ஆடியோமீட்டர் சோதனை, கருவிகளைக் கையாளுதல் எல்லாவற்றையும் கற்றார்கள். பெற்றோருக்கு வழிகாட்டுவதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி.

1944-இல் யூயிங் தம்பதியர், கைக்குழந்தைகளின் கேட்கும் திறனைக் கண்டறிவது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வந்த முறை மிக எளிமையானது. குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும். ஒருவர் முன்னால் இருந்து பொம்மையைக் காட்டி அதன் கவனத்தைப் பிடித்து வைப்பார். இன்னொருவர் பின்பக்கம், குழந்தையின் பார்வைக்கு எட்டாத இடத்தில், மெல்லிய ஒலிகளை எழுப்புவார். கிலுகிலுப்பை, கோப்பையில் கரண்டி உரசும் ஓசை, மெல்லிய தாள் கசங்கும் ஓசை, 'ஸ்' என்ற ஒலி. குழந்தை திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவே. பிரிட்டனில் இந்த முறை பல பத்தாண்டுகள் நிலைத்தது. 2000களில்தான் பிறந்த குழந்தைகளுக்கான கருவிச் சோதனை அதன் இடத்தைப் பிடித்தது.

1948-இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 'மெட்ரெஸ்கோ' என்ற கேட்கும் கருவியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. கருவி கைக்கு வந்துவிட்டது. ஆனால் பேட்டரி தீர்ந்ததா, காதில் பொருத்தும் அச்சு அடைத்துக்கொண்டதா என்று தினமும் பார்ப்பது யார்? பள்ளி நேரத்தில் அது ஆசிரியர்தான். செவிப்புலனியல் பயிற்சி அங்கேதான் கைகொடுத்தது.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். 1880-இல் மிலான் நகரில் நடந்த மாநாடு, காது கேளாதோர் கல்வியில் வாய்ப்பேச்சு முறையே சிறந்தது என்று தீர்மானம் போட்டது. அதன்பின் பல நாடுகளில் சைகை மொழி வகுப்பறையிலிருந்து வெளியேற்றப்பட்டது. மான்செஸ்டர் துறையும் வாய்ப்பேச்சு முறையையே நம்பியது. கருவிகள் முன்னேற முன்னேற, 'இனி சைகை எதற்கு?' என்ற எண்ணமும் வலுத்தது.

விளைவு என்ன? கான்ராட் என்ற ஆய்வாளர் 1979-இல் வெளியிட்ட நூலில், பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் காது கேளாத பிள்ளைகளின் வாசிப்புத் திறன் சராசரியாக 9 வயதுப் பிள்ளையின் அளவில்தான் இருந்தது என்று காட்டினார். அத்தனை வருட உழைப்புக்குப் பிறகு வந்த முடிவு இது. காதை அளந்தவர்கள், அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு மொழி முழுமையாக வளர்ந்திருக்கிறதா என்பதை அதே அக்கறையோடு அளக்கவில்லை.

நம்ம ஊர்க் கதை

1954-ஆம் ஆண்டு நம் வட்டாரத்துக்கு முக்கியமான ஆண்டு. பினாங்கில் காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கியது. வாய்ப்பேச்சு முறைதான் அங்கே கடைப்பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு சிங்கப்பூரில், தாமே காது கேளாதவரான பெங் சூ யிங், சைகை மொழியிலேயே கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். ஒரே ஆண்டு, பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு நேரெதிர் வழிகள்!

தொடக்கத்தில் இத்துறையில் பயிற்சி பெற நம் ஆசிரியர்கள் இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருந்தது. 1960களில் கோலாலம்பூரிலேயே பயிற்சி தொடங்கியது. இதற்கிடையில் பினாங்குப் பள்ளிப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. வகுப்பில் வாயசைவைப் பார்த்துப் படித்தவர்கள், வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் ஒரு சைகை மொழியையே உருவாக்கிக்கொண்டார்கள். பினாங்குச் சைகை மொழி என்று இன்று அறியப்படுவது அதுதான். ஆசிரியர்கள் தராத மொழியைப் பிள்ளைகளே படைத்துக்கொண்டார்கள்.

1978-இல் மலேசியப் பள்ளிகளில் பேச்சு, சைகை, எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் முழுமைத் தொடர்பு முறை அறிமுகமானது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றது.

தமிழ் வகுப்பறைக்கு என்ன பாடம்?

இந்த வரலாறு சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதல்ல. லேசான கேட்டல் குறையுள்ள பிள்ளைகள் நம் சாதாரண வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். டேனியல் லிங் என்ற செவிக்கல்வி அறிஞர் ஆசிரியர்களுக்காக ஒரு சுருக்கமான சோதனையைத் தந்திருக்கிறார். ஆறே ஒலிகள்: ம், ஊ, ஈ, ஆ, ஷ், ஸ். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை பேச்சின் பரப்பு முழுவதும் இதில் அடங்கிவிடும். ஆறையும் நம் எழுத்திலேயே எழுதிவிடலாம் என்பது நமக்கு வசதி.

வாயை மறைத்துக்கொண்டு, இயல்பான குரலில், ஒழுங்கு மாற்றி ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். முதலில் பக்கத்தில் நின்று, பிறகு மூன்று மீட்டர் தள்ளி நின்று. கருவி அணிந்த பிள்ளைக்கு இதைத் தினமும் காலையில் செய்தால், கருவி வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். 'ஸ்' கேட்காத பிள்ளைக்குச் 'சட்டை' என்பது 'அட்டை' என்றுதான் காதில் விழும். சொல்வதெழுதுதலில் அவன் எழுதும் பிழையைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தச் சோதனை நோயைக் கண்டுபிடிக்காது. சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் பேசி, பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்புவதே சரி. பிள்ளைக்குச் சைகை தேவைப்பட்டால் அதையும் குறையாக நினைக்காமல் ஒரு மொழியாக மதிப்போம். காதை அளப்பது எப்படி என்று யூயிங் தம்பதியர் காட்டினார்கள். காதோடு சேர்த்து மொழியையும் கவனிக்க வேண்டும் என்று பினாங்குப் பிள்ளைகள் காட்டினார்கள். நமக்கு இரண்டும் வேண்டும்.