பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

ஜோலார்பேட்டை யார்டுல கூட்ஸ் வண்டி மணிக்கணக்கா நிக்கறதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கதை சட்டுனு புரியும். மத்தவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லிப் பாக்கறேன்.

2018 அக்டோபர் 22 அன்று லினக்ஸ் கெர்னல் 4.19 வெளிவந்தது. நவம்பர்லயே புலம்பல் ஆரம்பம். கோப்புகள் திடீர்னு கெட்டுப் போகுது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, தன் கணக்கே தப்பா இருக்கறதைப் பார்த்துட்டு, இனிமே டிஸ்க்குல எழுதமாட்டேன்னு உட்கார்ந்துடுது. (பிழை வந்தா பேனிக் ஆகணும்னு அமைச்சு வெச்சிருந்தா கெர்னலே காலி.)

எல்லாருக்கும் வரலை. வந்தவங்களுக்கும் தினமும் வரலை. பிழைச் செய்தியில இருந்த பேர் எக்ஸ்ட்4, அதனால பழியும் அது மேல. அதைப் பராமரிக்கற தியோடோர் சோவோ, தன் கணினியில அந்தப் பிழையை வரவழைக்கவே முடியாம நின்னார்.

4.18க்கும் 4.19க்கும் நடுவுல சுமார் 14 ஆயிரம் மாற்றங்கள். பாதி பாதியா வெட்டிக்கிட்டே போனா 14 சோதனையில குற்றவாளி சிக்கணும். கணக்கு சுலபம்தான். ஆனா ஒரு நாள் முழுக்க ஓட்டியும் கெடலைன்னா, அந்தக் கெர்னல் நல்லதா, இல்லை நேரம் இன்னும் வரலையா? ஒரே ஒரு தடவை அவசரப்பட்டு 'நல்லது'ன்னு குறிச்சா, அப்புறம் தேடறதெல்லாம் தப்பான பாதியில. பொறுமையா ஓட்டிப் பார்த்த பயனர்களுக்கு ஒரு கும்பிடு.

கடைசியில பார்த்தா தப்பு கோப்பு முறைமையில இல்லவே இல்லை. அதுக்குக் கீழே, டிஸ்க்குக்கு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பற பிளாக் அடுக்குல.

எங்கப்பா கூட்ஸ் கார்டா இருந்தவர் (2022லேர்ந்து அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர்னு பேராம்!). வண்டிக்கு இத்தனை வேகன்னு கணக்கு எழுதியாச்சு, லைன் கிடைக்கலை, யார்டுல நிக்குதுன்னு வெச்சுக்குங்க. அந்த நேரத்துல பின்னாடி இன்னும் நாலு வேகனைக் கோத்துட்டு, பழைய கணக்கையே கொடுத்து அனுப்பினா? போற இடத்துல கணக்குல உள்ளதை மட்டும்தான் இறக்குவாங்க.

4.19ல நடந்தது அதேதான். வேலையை வரிசையில நிறுத்தாம நேரா டிஸ்க்குக்கு அனுப்பிப் பார்க்கும். ஸ்கசி அடுக்கு எங்கேயிருந்து எவ்வளவு தரவுன்னு பட்டியல் போட்டுடும். 'பிஸி'ன்னு திரும்பி வந்தா வேலை வரிசைக்குப் போகும், அங்கே பக்கத்து வேலையோட ஒட்டிக்கும். பட்டியல் மட்டும் பழசு. முதல் பங்குதான் டிஸ்க்குக்குப் போகும், ஒட்டினது அம்போ. ஷெட்யூலர் 'நன்'னு இருக்கணும், டிஸ்க் பிஸியா இருக்கணும், அந்த இடைவெளியில இன்னொரு வேலை வந்து ஒட்டணும். மூணும் கூடி வந்தாத்தான் கெடும். சோ கையில சிக்காததுல ஆச்சரியமில்லை.

"கணக்கை மாத்தாம வண்டியை விட்டவன் எவன்டா?"ன்னார் அப்பா.

டிசம்பர் முதல் வாரம் ஜென்ஸ் ஆக்ஸ்போ திருத்தம் கொடுத்தார்: அப்படித் திரும்பி வந்த வேலையோட எதையும் ஒட்டாதே. அவ்வளவுதான், சில வரிகள். 4.19.8 பதிப்புல அது சேர்ந்தது. அதுக்குள்ள கெட்டுப்போன கோப்புகள் கெட்டதுதான்.