ஒலிவெட்டி: பணியிடக் கட்டடக்கலை

ஒலிவெட்டி, தட்டச்சுப்பொறியும் கணக்கிடும் பொறியும் பின்னர் கணினியும் செய்த இத்தாலிய நிறுவனம். பொறியின் வடிவத்தில் காட்டிய அக்கறையை அது உருவாகும் இடத்திலும் காட்டியதால், பணியிட வடிவமைப்பின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு.

கமில்லோ ஒலிவெட்டி 1908இல் வட இத்தாலியின் இவ்ரேயாவில் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் பணியிடம் சிவப்புச் செங்கல் கட்டடம்.

அவர் மகன் அட்ரியானோவின் காலமே விரிவாகப் பதிவாகியுள்ளது. லூயிஜி ஃபிஜினி, ஜீனோ பொல்லினி என்ற இளம் கட்டடக் கலைஞர்களை அவர் அழைத்தார். 1934 தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேலாகத் தொழிற்சாலை கட்டங்கட்டமாக வளர்ந்தது. பழைய செங்கல் கட்டடத்தை இடிக்கவில்லை. அதன் தொடர்ச்சியாகவே நீண்ட கண்ணாடி முகப்பு எழுந்தது. உள்ளே பகல் வெளிச்சம் நிறைந்தது. நடக்கும் வேலை தெருவுக்கும் மறைவாக இல்லை. எதிர்ப்புறத்தில் நூலகமும் மருத்துவ உதவியும் கொண்ட சமூகப் பணி மையம் 1950களில் வந்தது. தொழிலாளரின் குழந்தைகளுக்கான காப்பகத்தையும் இதே இருவர் வடிவமைத்தனர். தொழிற்சாலைக்கும் சமூகப் பணி மையத்துக்கும் நடுவே செல்லும் தெரு, 1944இல் நாஜிகளால் சுட்டுக் கொல்லப்பட்ட ஒலிவெட்டிப் பொறியாளர் வில்லி யெர்விஸின் பெயரைத் தாங்கியுள்ளது.

நேப்பிள்ஸ் அருகே பொட்சுவோலியில் லூயிஜி கோசென்சா கட்டிய தொழிற்சாலை 1955இல் திறக்கப்பட்டது. கடலைப் பார்த்த சரிவில், மரங்களும் முற்றங்களும் ஊடாட அமைந்த அக்கட்டடத்தில், பணிமேடையில் நிற்பவரின் கண்ணுக்கும் பசுமை எட்டியது. வேலைவாய்ப்பு அரிதான பகுதி அது. அங்கே ஆள் தேர்வில் பணியாற்றிய ஒத்தியேரோ ஒத்தியேரி, வேலை கேட்டு வந்தவர்களின் நெருக்கடியை 1959இல் வெளியான தம் நாவலில் எழுதினார். அழகிய தொழிற்சாலையின் வாயிலுக்கு வெளியே நின்றவர்களையும் இந்த வரலாற்றில் சேர்க்க அந்நூலே வழிசெய்கிறது.

நூலகம், மருத்துவ உதவி, காப்பகம் போன்ற வசதிகளின் நோக்கம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மனிதநேயச் சமூகக் கனவு என்பர் சிலர். தந்தையின் இடத்தில் நின்று தொழிலாளரை நிறுவனத்தோடு பிணைத்த மேலாண்மை என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் சான்றுகள் காட்டப்படுகின்றன.

அட்ரியானோ 1960இல் மறைந்தார். மின்னணுப் பிரிவின் பெரும்பங்கு 1964இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கைக்குப் போனது. எனினும் பிற நாட்டுக் கட்டடங்களுக்குப் பெரிய கலைஞர்களை நாடும் வழக்கம் தொடர்ந்தது: அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க்கில் லூயி கான், ஜப்பானின் யோகோஹாமாவில் கென்சோ தாங்கே. இவ்ரேயாவில் 1970களின் தொடக்கத்தில் முடிந்த ஊழியர் குடியிருப்பு, அரைவட்டமாகக் குன்றுக்குள் பதிந்தது. கூரைமேல் புல் வளர்கிறது.

தட்டச்சுப்பொறிக் காலம் முடிந்தபின் பல கட்டடங்கள் பயன்பாடு மாறின, சில வெறுமையாயின. 2018இல் யுனெஸ்கோ, இவ்ரேயாவை 20ஆம் நூற்றாண்டின் தொழில் நகரம் என உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.