வாஷிட்டா சிற்றணைகள்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், கார்டெல் என்ற சிற்றூருக்கு அருகே ஓர் ஓடையின் குறுக்கே 1948 ஜூலையில் ஒரு மண் அணை கட்டி முடிக்கப்பட்டது. கிளவுட் கிரீக் முதலாம் எண் அணை என்று அதற்குப் பெயர். பாசன வாய்க்கால் கிடையாது, மின் நிலையம் கிடையாது. பெருமழை கொட்டும்போது ஓடைநீரைப் பிடித்துவைத்துச் சில நாட்களில் மெல்ல வடியவிடுவது ஒன்றே அதன் வேலை. அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் இதே வார்ப்பில் எழுந்த அணைகள் இன்று 47 மாநிலங்களில் 11,000-க்கும் மேல் உள்ளன. ஓக்லஹோமாவில் மட்டும் 2,107. பேரணைகளுக்கு மாற்று என்று இவற்றைக் கொண்டாடியவர்களும் உண்டு, வெறும் மண்மேடு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. சிற்றணையின் பயன் அதன் கரைக்குக் கீழே உள்ள சில மைல்களுக்கும், கட்டியபோது கணக்கிட்ட சில பத்தாண்டுகளுக்கும் உரியது. அந்த எல்லையை மறந்த இடத்தில்தான் இரு தரப்பும் தவறின.

1934 ஏப்ரலில் ஓக்லஹோமாவின் வாஷிட்டா ஆறு பெருக்கெடுத்து ஹேமன் பகுதியில் 17 பேரைப் பலிகொண்டது. அதே ஆண்டுகளில்தான் அப்பகுதிச் சமவெளியின் மேல்மண் புழுதிப் புயலாகப் பறந்துகொண்டிருந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே நோயின் இரு முகங்கள் என்ற எண்ணம் அப்போது வலுப்பட்டது. உழுது தரிசாய்ப் போட்ட சரிவில் மழைநீர் ஊறுவதில்லை. மண்ணை வாரிக்கொண்டு ஓடி ஆற்றுப்படுகையில் வண்டலாகக் கொட்டுகிறது. படுகை மேடாக மேடாக அடுத்த வெள்ளம் எளிதில் கரைபுரள்கிறது. 1935-இல் ஹியூ ஹேமண்ட் பென்னெட் தலைமையில் அமைந்த மண்வளப் பாதுகாப்புப் பணியகம் இதனால்தான் அணையில் தொடங்காமல் வயலில் தொடங்கியது. சம உயரக் கோட்டில் உழவு, வரப்புப் படிகள், புல்வெளி ஆகியவற்றுக்குப் பிறகே ஓடையில் அணை. 1944-ஆம் ஆண்டின் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாஷிட்டா உட்பட 11 வடிநிலங்களில் இந்த முறைக்கு அனுமதி தந்தது. 1953-இல் வாஷிட்டாவில் சேரும் சாண்ட்ஸ்டோன் ஓடையின் வடிநிலம் முழுவதும் இப்படிச் சீரமைக்கப்பட்டது. மறு ஆண்டே வந்த சட்டம் திட்டத்தை நாடெங்கும் விரித்தது. ஆனால் ஒரு வடிநிலம் 2,50,000 ஏக்கரைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு கட்டியது.

அணையின் அமைப்பிலேயே அதன் நோக்கம் தெரிகிறது. அடுக்கடுக்காக இறுக்கிய மண்கரை, மேலே புல். கரையின் உட்புறத்தில், நீருக்குள் கிணற்று உறைபோல ஒரு கான்கிரீட் கோபுரம் நிற்கும்; குப்பை அடைக்காதிருக்க வாயில் கம்பித் தடுப்பு. நீர்மட்டம் கோபுரத்தின் வாயைத் தொட்டதும் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியாக வெளியேறும். வாய்க்குக் கீழே உள்ள இடம் வண்டலுக்கு. அதற்கு மேலே உள்ள இடம் வெள்ளத்துக்கு. மற்ற நாளெல்லாம் அது காலியாகவே கிடக்கும். அதுவும் போதாத மழைக்குக் கரையோரம் புல் பாவிய அகன்ற வழிந்தோடி உண்டு, நம் ஏரிகளின் கலிங்கைப் போல. ஏரி நிறைந்தால் ஊர் மகிழும். இங்கேயோ காலியாக இருப்பதுதான் காவல்.

குழாயின் அளவு மாறாதது. எவ்வளவு மழை வந்தாலும் அதன் வழியே கீழே போவது சிறு ஓட்டமே என்பதால் மதகைத் திறக்க ஆள் தேவையில்லை. ஆனால் கொள்ளளவு சிறிது என்பதும் இதே கணக்கின் மறுபக்கம். 1954-இல் எழுத்தாளர் எல்மர் பீட்டர்சன் பேரணைகளைக் கண்டித்து எழுதிய நூல் சிற்றணைகளையும் நில மேலாண்மையையும் மாற்றாக முன்வைத்தது. அதே ஆண்டு நீரியல் அறிஞர் லூனா லியோபோல்டும் தாமஸ் மேடக்கும் எழுதிய நூல் அந்த நம்பிக்கையைச் சோதித்தது. ஓடைத் தலைப்பில் பிடித்த நீரின் பலன் கீழே செல்லச் செல்லக் கரைகிறது. அணையில்லாத மற்றக் கிளைகளின் நீர் வந்து சேரும் பேராற்றில், பெருவெள்ளத்தை அது அசைப்பதில்லை என்பது அவர்கள் வாதம். இதை மறுக்க முடியாது. ஆயினும் இதனால் சிற்றணை வீண் என்று ஆகிவிடாது. ஓடையோரத் தாழ்நில உழவரின் பயிரையும் பாலத்தையும் அடிக்கடி கெடுப்பவை சிறு, நடுத்தர வெள்ளங்கள். அவற்றின் முன் சிற்றணை நன்றாகவே நிற்கிறது. கீழே உள்ள பேரணை அந்த உழவருக்கு எதுவும் செய்யாது. போதாததற்கு, பேரணையின் நீர்த்தேக்கம் அவர் நிலத்தையே மூழ்கடிக்கவும் கூடும். இரண்டும் வெவ்வேறு நோய்க்கான மருந்துகள். ஒன்றை மற்றதன் அளவுகோலால் அளந்ததுதான் பிழை.

இதைவிட வலுவான ஆட்சேபம் காலம் பற்றியது. இந்த அணைகளில் பெரும்பாலானவை 50 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டவை. வண்டல் மெல்ல நிரம்புகிறது, இரும்புக் குழாய்கள் துருப்பிடிக்கின்றன, கரையில் மரம் வேர்விடுகிறது, வளை தோண்டும் விலங்குகள் நீருக்கு வழி செய்கின்றன. இதற்கிடையே வெள்ளம் வராததாலேயே கீழே வீடுகள் முளைக்கின்றன. வயலைக் காக்கக் கட்டிய கரை உடைந்தால் அன்று பயிர் போயிருக்கும், இன்று உயிர் போகும்; அணை இருந்த இடத்திலேயே இருக்க, அதன் ஆபத்துப் பிரிவு மட்டும் உயர்ந்துவிடுகிறது. மண்கரையின் குறை என்று இதைச் சொல்லிவிட முடியாது. கட்டும் செலவைக் கூட்டாட்சி அரசு பெரும்பாலும் ஏற்றது. பராமரிப்போ மாவட்ட மண்வளப் பாதுகாப்பு வாரியம் போன்ற உள்ளூர் அமைப்புகளின் தலையில் விழுந்தது. கீழே வீடு கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவற்றிடம் இல்லை. பழுதான அணைகளைப் புதுப்பிக்க, செலவில் 65 விழுக்காட்டைக் கூட்டாட்சி அரசு ஏற்கும் சட்டத் திருத்தம் 2000-இல்தான் வந்தது. கிளவுட் கிரீக் அணைக்கு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே 50 வயது முடிந்திருந்தது.