சிப்பிப்பாறையும் மூன்றாவது மாடியும்

போன சித்திரையில் சாத்தூர் பக்கத்திலிருந்து பெரியப்பா மகன் போன் பண்ணினார். "தம்பி, இந்த ஈத்துல ஆறு குட்டி. சாம்பல் நிறத்துல ஒரு கடுவன் குட்டி, அச்சு அசல் சிப்பிப்பாறை. உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். என்ன சொல்ற?"

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. ஆறு வயசு மகள் சோபாவிலிருந்து குதித்துவிட்டாள். மனைவி என்னையே பார்த்தாள். மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, இரண்டு ஐ.டி. வேலை, பள்ளி விட்டு வந்தால் பேச ஆளில்லாத ஒரு குழந்தை. "பத்து நாள் டைம் குடுங்கண்ணே" என்றேன்.

தொழில் புத்தி, உடனே எக்செல் திறந்தேன். நடைக்கு எத்தனை நிமிடம், சாப்பாட்டுக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு. இணையத்தில் எங்கே தேடினாலும் இந்த இனத்துக்கு எதிரே 'எனர்ஜி: ரொம்ப அதிகம்' என்றே போட்டிருந்தது. ஒரு நாயின் சுறுசுறுப்பை ஒற்றை எண்ணாக எழுத முடியும் என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் பிழை இருந்தது. ஒரு நாய் எதற்காக இப்படி ஆனது என்று தெரியாமல், அது நம் வீட்டுக்கு ஆகுமா என்று சொல்ல முடியாது.

சிப்பிப்பாறை, கரிசல் காடு உண்டாக்கிய நாய். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தின் மானாவாரி நிலம். பருத்தியும் கம்பும் சோளமும் எடுத்த பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மறைப்பில்லாத வெட்டவெளி. அங்கே முயல் பிடிக்க மோப்பத்தைவிட கண்ணும் காலும்தான் வேண்டும். முயல் கிளம்பியதும் பார்க்கணும், அது திரும்புமுன் எட்டணும். வேகமான நாயைத்தான் மறுபடி ஈன வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த அந்தத் தேர்வில் ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, நீண்ட கால், குட்டையான ரோமம் என்று உடம்பு செதுக்கப்பட்டது. முழு வேகத்தில் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு எழும். கறுப்பு உடம்பில் பழுப்பு அடையாளங்களோடு வருவதைக் கன்னி என்பார்கள். பெயர் வேறு, வேலை ஒன்றுதான்.

ஆனால் இந்த ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தாத்தா வீட்டு நாய் பற்றி அப்பா சொல்வது எனக்கு நினைவில் இருக்கிறது: விடியக்காலம் காட்டுக்குப் போய்வரும், கூழ் குடிக்கும், மிச்சப் பொழுதெல்லாம் திண்ணை நிழலில் செத்தது மாதிரி கிடக்கும். ஆடு மேய்க்கும் நாயைப் போல நாள் முழுக்க ஏதாவது வேலை கேட்டு நச்சரிக்கிற ரகம் இல்லை. எக்செல்லில் நான் எழுதிய இரண்டு மணி நேர நடை இதற்கு அவசியமில்லை. இதற்கு வேண்டியது கயிறில்லாமல் முழு வேகத்தில் ஓட ஒரு வெளி. மேடவாக்கத்தில் கயிற்றை அவிழ்த்தால் என்ன ஆகும்? ரோட்டின் அந்தப் பக்கம் பூனை ஓடும். நடுவே தண்ணி லாரி வரும். துரத்த ஆரம்பித்த சிப்பிப்பாறைக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவது காதில் ஏறாது. கூப்பிட்டதும் பாதியில் திரும்புகிற நாயை முயல் வேட்டைக்கு யார் வைத்திருப்பார்கள்?

அந்த வேட்டையும் முடிந்துபோன கதைதான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் வாங்கி வேட்டையாட அதில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். 1991 திருத்தம் அதையும் அடைத்தது. முயலும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் உண்டு. காட்டுயிர்களுக்குத் தேவையான சட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு ஓர் இனமே வேலையிழந்தது. இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம் கரிசல் தரிசுகளை அடைத்தது.

வேலை போனதற்குப் பிறகு கௌரவம் வந்தது. சென்னை சைதாப்பேட்டையில் அரசே நாட்டு நாய்களுக்கு இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. 2016-இல் அதை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் பக்கத்து ஊர்க்காரரான ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொன்னார். சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். நாட்டு நாய் வளர்ப்பது இன்று ஒரு பெருமை. ஆனால் பெருமையில் ஓட முடியாது.

பத்தாம் நாள் அண்ணனுக்குப் போன் போட்டேன். "எங்க வீட்டுக்கு ஆகாதுண்ணே. ஓட இடமில்ல. பகல்ல ஆளும் இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "இங்க மட்டும் எங்கடா ஓடுது? தாத்தா காட்டுல பாதிக்கு மேல மனைக்கல் ஊனியாச்சு. மிச்சம் முள்ளு. நீங்கள்லாம் இப்பிடி கணக்குப் பாத்தா இத எவன்தான் வளப்பான்?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு இந்த நாய் பொருந்துமா என்றுதான் நான் யோசித்தேன். இந்த நாய்க்குப் பொருந்திய வீடே, அந்த வெட்டவெளியே, கரைந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கேள்வி. இனி இதைக் காப்பாற்றப் போவது என்னை மாதிரி நகரத்து ஆட்கள்தான் என்றால், என் 'வேண்டாம்' அவ்வளவு சுத்தமானது இல்லை. ஆனாலும் ஓர் இனத்தைக் காப்பாற்றும் பாரத்தை ஒரு குட்டியின் முதுகில் ஏற்றி, அதைப் பால்கனியில் பூட்டிவைக்கவும் முடியாது. இனத்துக்கு எண்ணிக்கை போதும். குட்டிக்கு அதன் ஒரே வாழ்க்கைதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். அந்தச் சாம்பல் குட்டி பக்கத்துத் தென்னந்தோப்பில் காவலுக்கு நிற்கிறது. பகலில் சங்கிலி. ராத்திரி அவிழ்த்துவிடுவார்களாம். வேலிக்குள் ரெண்டு ஏக்கர். மகள் கெஞ்சியதால் தோப்புக்காரர் அன்றைக்குச் சாயங்காலமே சங்கிலியைக் கழற்றினார். தென்னை வரிசைக்கு நடுவே அது ஓடியதை என் போனால் ஒழுங்காகப் படம்பிடிக்க முடியவில்லை. மூன்று சுற்று. அப்புறம் வந்து மகள் காலடியில் விழுந்து இளைத்தது.

"நம்ம வீட்டுல இப்பிடி ஓட முடியாதுல்லப்பா?" என்றாள்.

முடியாது என்றேன். அடுத்த லீவுக்கும் இங்கேயே வரலாமா என்று கேட்டாள். வரலாம் என்றேன். என்னால் சொல்ல முடிந்த உண்மையான பதில் அது ஒன்றுதான்.