வானொலியும் வயல்வெளியும்

இசை, அதனைக் கேட்டவரின் இளமையோடு ஒட்டிக்கொள்வது உலகியற்கை. பழைய திரைப்பாடல் ஒன்று செவியில் விழுந்ததும் நமக்குச் சொந்த ஊரும் தெருவும் நினைவில் எழுகின்றன. அவ்வாறே, அமெரிக்காவில் இன்று முதுமை எய்தியுள்ள ஒரு தலைமுறைக்கு ராக் இசையைக் கேட்டதும் 1960களின் நாட்கள் மீண்டு வருகின்றன. சட்டைப்பையில் அடங்கிய சிறு வானொலியும், சேறு படிந்த ஒரு பண்ணை வயலும் அந்நினைவின் இரு சின்னங்கள். அவற்றின் வரலாற்றை ஆராய்ந்தால், ஏக்கம் எதனைப் போற்றி வைக்கிறது, எதனை மறந்துவிடுகிறது என்பது நமக்குப் புலனாகும்.

வயலுக்கு முன்னோடி வானொலியே. 1951ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரில் ஆலன் ஃப்ரீட் என்னும் அறிவிப்பாளர், கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் புளூஸ்' இசைத்தட்டுகளை இரவுதோறும் ஒலிபரப்பத் தொடங்கினார். 'ராக் அண்ட் ரோல்' என்ற பெயரை நாடறியச் செய்தவருள் அவர் முதன்மையானவர். பள்ளியிலும் உணவகத்திலும் நிறத்தால் மக்கள் பிரித்துவைக்கப்பட்டிருந்த காலம் அது. ஆயினும் வான்வழி வந்த பாடலுக்கு வேலியிட எவராலும் இயலவில்லை. இரு நிறத்து இளைஞரும் ஒரே பாடலைக் கேட்டனர். 21-3-1952 அன்று அவர் முன்னின்று நடத்திய இசை நிகழ்ச்சிக்கு அரங்கு கொள்ளாத கூட்டம் திரண்டது. நெரிசல் மிகவே நிகழ்ச்சி இடையிலேயே நிறுத்தப்பட்டது. முதல் ராக் இசை நிகழ்ச்சி என அதனையே பலரும் குறிப்பர். 1954இல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தபின், குடும்பம் கூடத்தில் அமர்ந்து கேட்ட இசை இளைஞரின் தனியுடைமையாயிற்று.

வானொலியால் தனித்தனியே கேட்டவர்கள் ஓரிடத்தில் கூட விழைந்ததன் விளைவே இசை விழாக்கள். 1967 ஜூன் திங்களில் கலிபோர்னியாவின் மான்டரே நகரில் நடந்த விழாவில் நம் நாட்டுப் பண்டித ரவிசங்கர் ஒரு பிற்பகல் முழுதும் சிதார் இசைத்தார். பல்லாயிரவர் அமைதியாகக் கேட்டு, முடிவில் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். ஈராண்டு கழித்து, நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் என்னும் சிற்றூரில், பால்பண்ணை உரிமையாளர் மாக்ஸ் யாஸ்கரின் நிலத்தில், 'உட்ஸ்டாக்' விழா கூடியது. முன்கூட்டி விற்ற சீட்டுகள் ஏறத்தாழ 1,86,000. வந்தவரோ நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர். வேலி அமைத்து முடிவதற்குள் கூட்டம் புகுந்தமையால், விழா கட்டணமற்றது என அறிவிக்க நேர்ந்தது.

1969 ஆகஸ்டு 15 அன்று, தொடக்க நாளில், அம்மேடையில் அமர்ந்து உரையாற்றியவர் ஒரு தமிழர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர் சுவாமி சச்சிதானந்தர். ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரிடம் துறவு பூண்டு, இலங்கையில் தொண்டாற்றி, 1966இல் அமெரிக்கா சென்றவர். சாலைகள் அடைபட்டுக் கிடந்தமையால் அவரை ஹெலிகாப்டரில் அழைத்து வந்தனர். போர்க்களத்தில் மனிதனை வெறிகொள்ளச் செய்வதும் ஒலியே, அமைதியை அளிப்பதும் ஒலியே என்னும் கருத்துப்பட அவர் பேசினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த அந்நாளில், அவ்விளைஞர்க்கு அது வெறும் தத்துவமாகத் தோன்றியிராது.

அன்றிரவே மழை தொடங்கியது. மழையிலும் ரவிசங்கர் வாசித்தார்; எனினும், சேற்றில் கிடந்த அக்கூட்டமும் போதைப் பழக்கமும் தம்மை வருத்தியதைப் பின்னாளில் அவர் மறைக்கவில்லை. உணவு தட்டுப்பட்டது. தூங்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் டிராக்டரில் நசுங்கி மாண்டார். அதேவேளையில் அண்டை ஊர்மக்கள் உணவு சமைத்து அனுப்பினர். அயலார் பலரின் சினத்துக்கு ஆளான யாஸ்கரோ, வந்தவர்க்குத் தண்ணீரும் பாலும் விலையின்றி வழங்கினார். நினைவில் நிற்கத் தகுந்தவை இவையும் அல்லவா?

இனி, பெரிதும் மறக்கப்பட்ட மற்றொரு விழாவைக் காண்போம். அதே 1969ஆம் ஆண்டு, அதே கோடையில், பெத்தலிலிருந்து சுமார் நூறு மைல் தொலைவில், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிப் பூங்கா ஒன்றில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்பின மக்களின் பண்பாட்டு விழா நடைபெற்றது. ஸ்டீவி ஒண்டர், நீனா சிமோன், மகேலியா ஜாக்சன், பி.பி. கிங் போன்ற பெருங்கலைஞர் பாடினர். ஸ்லை ஸ்டோன் குழுவினர் இவ்விரு விழாக்களிலுமே பாடியவர்கள். மொத்தம் மூன்று லட்சம் பேர் கண்டு களித்தனர் என்பர். ஹால் டல்சின் என்பவர் சுமார் நாற்பது மணி நேரம் அதனைப் படம்பிடித்தார், வாங்குவோர் இல்லை. சுருள்கள் ஐம்பது ஆண்டுகள் அடித்தளத்து அறையில் கிடந்தன. 2021இல் அவை திரைப்படமாகி, மறு ஆண்டே சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் பரிசையும் பெற்றன. படம்பிடித்த டல்சினோ 2017இலேயே மறைந்துவிட்டார்.

உட்ஸ்டாக் படமோ 1970இலேயே வெளிவந்து அப்பரிசைப் பெற்றது. அங்குச் செல்லாதவர்க்கும் அது சொந்த நினைவாயிற்று. அவ்வயலில் திரண்டவருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். யாருடைய இசையிலிருந்து ராக் பிறந்ததோ, அவர்களுடைய விழா அரை நூற்றாண்டு இருளில் கிடந்தது. வானொலி உடைத்த வேலியை ஏக்கம் மீண்டும் எழுப்பிவிட்டது எனலாம். மறதி ஈண்டுத் தற்செயலன்று. எதனைப் பாதுகாப்பது, எதனைப் பரப்புவது என்று சிலர் எடுத்த முடிவின் பயன் அது.

பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு அயலாருடையது மட்டுமன்று. ஊர்த் திருவிழாவை நாமும் நம் மக்களுக்கு ஏக்கத்தோடு எடுத்துரைக்கிறோம்: நாதசுவரம், தேர், இரவெல்லாம் நடந்த கூத்து. அத்தேரின் வடத்தைத் தொட எவருக்கு உரிமை மறுக்கப்பட்டது, எத்தெருவுக்குத் தேர் வரவில்லை, அங்கு ஒலித்த பறையை எவர் பதிவு செய்தார் என்பவற்றை நாம் சொல்வதுண்டா? ஊரை நேரில் காணாமல் வளரும் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே ஊர். ஆதலின் அதனை முழுமையாகச் சொல்லும் கடமை நமக்கு மிகுதி. ஏக்கம் குற்றமன்று, அன்பின் ஒரு வடிவமே அது. அவ்வன்பு எல்லாத் தெருக்களுக்கும் செல்லட்டும். ஊர் முதியோர் இருக்கும்போதே அவர்களைக் கேட்டு, விடுபட்ட குரல்களையும் நம் பிள்ளைகளின் செவிக்குச் சேர்ப்போமாக.