மரத்தின் பாலும் மெத்தையின் நுரையும்

பதுளை நகருக்கு மேலே எழுந்து நிற்கும் நமுனுகுல மலை 2,036 மீற்றர் உயரமுடையது. ஒன்பது சிகரங்கள் என்பது அப்பெயரின் பொருள். அதன் சரிவுகளைப் பச்சைக் கம்பளமாய் மூடியிருப்பது தேயிலை. ஆயினும், பசறையிலிருந்து மொனராகலைக்கு வளைந்து வளைந்து இறங்கும் வீதியிற் செல்வோர் காணும் காட்சி விரைவில் மாறிவிடும். குளிர் விட்டு வெப்பம் ஏறும். தேயிலைச் செடிகள் பின்தங்க, தாழ்ந்த நிலத்தில் நெடிய இறப்பர் மரங்கள் வரிசை கட்டி நிற்கும். பொழுது நன்கு விடியுமுன்னரே அங்கு வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏற ஏறப் பால் குறையும் என்பதால், கத்தியுடன் புறப்படும் தொழிலாளி காலைக் குளிரிலேயே மரத்துக்கு மரம் நடந்து, பட்டையைச் சாய்வாக மெல்லச் சீவி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்த விட்டுச் செல்கிறான். மழை பெய்தால் அன்று பால்வெட்டு இல்லை.

அந்தச் சிரட்டைப் பால்தான் எங்கோ ஒரு நகரத்தில் மெத்தையாகவும், தலையணையாகவும், பஸ் வண்டியின் ஆசனமாகவும் மாறுகிறது. பால் எவ்வாறு நுரையாயிற்று, நுரை எவ்வாறு மெத்தையாயிற்று என்பது சுவையான வரலாறு. அதில் ஊவாவுக்கும் பங்குண்டு.

ஊவாவின் தோட்டங்கள் முதலில் கோப்பியை நம்பியே எழுந்தன. 1869 ஆம் ஆண்டிலே, நமுனுகுலவுக்கு அணித்தாயுள்ள மடுல்சீமையில், கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. அது ஒரு பூஞ்சணம். இருபது ஆண்டு கழிவதற்குள் இலங்கையின் கோப்பிப் பெருந்தொழில் அழிந்தது. எதை நடுவது என்று துரைமார் திகைத்த காலம் அது. மலையில் தேயிலை வென்றது. தாழ்நிலத்துக்கோ வேறொரு விருந்தாளி அதற்கு முன்னரே வந்து காத்திருந்தது.

1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 இறப்பர் விதைகளைக் கொண்டுபோய் இலண்டனின் கியூ தாவரத் தோட்டத்திற் சேர்த்தார். முளைத்தவை மிகச் சிலவே. அவற்றுள் 1,900க்கு மேற்பட்ட நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் அதே ஆண்டு இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. நட்டவர்கள் இருபது ஆண்டுக்கு மேல் அவற்றை ஒரு வேடிக்கை மரமாகவே பார்த்திருந்தனர் எனலாம். காரணம் எளிது: பாலை எடுக்கவும் தெரியவில்லை, எடுத்த பாலைப் பதப்படுத்தவும் தெரியவில்லை. அமேசன் காட்டவர்கள் மரத்தைக் கொத்திப் பால் எடுத்து, புகையிற் காட்டி உருண்டை செய்தனர். தோட்டத்துக்கு அம்முறை உதவவில்லை.

இந்த முடிச்சு அவிழ்ந்தது பேராதனையில். 1898, 1899 ஆம் ஆண்டுகளில் அங்கு பணியாற்றிய ஜோன் பார்க்கின் என்னும் தாவரவியலறிஞர் இரண்டு உண்மைகளைக் கண்டார். ஒரு காயத்தை அப்படியே விட்டுவிடாமல் அதன் ஓரத்தையே மீண்டும் மீண்டும் மெல்லத் திறந்தால், மரம் முன்னிலும் மிகுதியாகப் பால் தருகிறது என்பது ஒன்று. பாலிலே சிறிது அசெற்றிக் அமிலம் கலந்தால் அது தூய வெண்கட்டியாக உறைகிறது என்பது மற்றொன்று. ஏறத்தாழ அதே காலத்தில் சிங்கப்பூரில் ரிட்லி என்பவரும் பட்டையை மெல்லியதாகச் சீவும் முறையை வகுத்தார். இவற்றின் பின்னரே இறப்பர் தோட்டப் பயிராயிற்று. 1910 ஆம் ஆண்டில் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை இலண்டனில் 12 சிலிங்குக்கு மேல் ஏறியது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்கள் மலையின் லயங்களில் மட்டுமன்றி, மொனராகலைப் பக்கத்து வெப்பக் காட்டு லயங்களிலும் குடியேறின.

இனி நுரையின் கதை. இறப்பர்ப் பாலின் இயல்பு, விட்டால் உறைவது. சிரட்டையிலேயே உறைந்து போகும் பாலை ஒட்டுப்பால் என்று தோட்டத்தார் இழித்துரைப்பர். அதற்கு விலை குறைவு. ஆகவே பால் உறையாமல் ஆலைக்குச் சேர்ப்பது தொழிலாளியின் அன்றாடக் கவலை. தொழிற்சாலைகளும் பாலை நெடுநாள் திரவமாகவே வைத்திருக்க விரும்பின. அமோனியா சேர்த்தால் பால் உறையாது என்பது அறியப்பட்டிருந்தது. 1920களில், கடையும் இயந்திரம் போல் சுழலும் கருவியினால் நீரைப் பிரித்து, நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை இறப்பர் கொண்ட பாலை 60 பங்காகத் திரட்டும் வழியும் வந்தது. இப்போது பால் கப்பலேறலாயிற்று.

1929 ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரத்து டன்லப் ஆலையில் மேர்பி என்னும் இரசாயன அறிஞர், முட்டை அடிக்கும் சமையலறைக் கருவியினால் அப்பாலை அடித்து நுரையாக்கினார் என்பர். நுரையாக்குவதில் வியப்பில்லை, அதற்குச் சிறிது சவர்க்காரம் போதும். வியப்பு அதை நிறுத்துவதில் இருந்தது. எந்த நுரையும் அடங்கிவிடும். அடங்குமுன் உறைய வேண்டும். அச்சில் ஊற்றுமுன் உறையவும் கூடாது. பார்க்கின் காட்டிய அமிலமோ உடனே உறைய வைப்பது. அதனால் இங்கு பயனில்லை. இல்லத்தரசி பாலில் உறை ஊற்றி மூடி வைத்து, தயிர் தோயும் நேரத்துக்காகக் காத்திருப்பது போன்ற ஒரு தாமதம் வேண்டியிருந்தது. மேர்பியின் தோழர்கள் கண்ட விடை, சோடியம் சிலிக்கோபுளோரைட்டு என்னும் உப்பு. அது நீரில் மெல்ல மெல்லச் சிதைந்து அமிலத்தை வெளிவிடும். நுரை அச்சை நிரப்பிச் சில நிமிடம் கழிந்த பின்னரே பால் தோயும். பின்பு நீராவியிற் சூடாக்கினால், முன்னரே கலந்திருக்கும் கந்தகம் இறப்பரை உறுதிப்படுத்தும். கிடைப்பது பெரும்பகுதி காற்றால் ஆன மெத்தை. அதன் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதால் அது மூச்சுவிடும். தொழிலாளி தடுக்கப் பாடுபட்ட அதே உறைதலை, குறித்த கணத்தில் நிகழச் செய்ததே இக்கண்டுபிடிப்பின் உயிர். இதன் புகழ் முழுவதையும் பர்மிங்ஹாமுக்கே எழுதிவைப்பது நியாயமன்று. பேராதனையின் அமிலமும், பட்டையின் உட்தோலைக் காயப்படுத்தாமல் சீவும் கையின் நுட்பமும் அந்த மெத்தைக்குள் இருக்கின்றன.

1942 ஆம் ஆண்டில் மலாயா யப்பானியர் கைப்பட்டதும், நேச நாடுகளின் இயற்கை இறப்பருக்கு இலங்கையே பெரிய ஊற்றாயிற்று. வருங்காலத்தைப் பாராமல் மரங்களை வெட்டிச் சீவிப் பால் வடித்தனர். போர் முடிந்து விலை தடுமாறிய வேளையில், 1952 இல் சீனத்துடன் செய்த அரிசி இறப்பர் ஒப்பந்தம் தொழிலைத் தாங்கியது. இதற்கிடையே வேறொரு போட்டி பிறந்துவிட்டது. 1937 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லேவர்கூசன் நகரில் ஒட்டோ பேயர் என்பவர் கண்ட பொலியூரிதேன், 1950களில் மென்னுரையாகச் சந்தைக்கு வந்தது. அதற்கு மரமும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், பெற்றோலியம் போதும். இரு திரவங்கள் கலந்ததும் தாமே வாயுவை எழுப்பிப் பொங்கி உறையும். மலிவு அதன் பெரும் பலம். ஆசனங்களிலும் மெத்தைகளிலும் இறப்பர் நுரையின் இடத்தை அது பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

பாலின் விலையை நிருணயிப்பது பால்வெட்டும் கையன்று. அக்கைக்கு அந்நாளில் வாக்குச்சீட்டும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு முழுக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. உலகுக்கு மெத்தை தந்தவர்கள் பாய் விரித்துப் படுத்த லய அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி.

பெற்றோலிய நுரையும் தாவரத்தை முற்றாக விட்டு விலகவில்லை. இங்கே வருவது நம் பாட்டிமார் நன்கறிந்த ஆமணக்கு. அதன் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு இரிசினோலிக் அமிலம். மற்றைய எண்ணெய்களில் அரிதாகவே காணப்படும் ஐதரொட்சில் என்னும் பிடிப்பு அதன் அணுச் சங்கிலியில் இயற்கையாகவே அமைந்துள்ளது. பொலியூரிதேன் உண்டாவதற்கு வேண்டியதும் அந்தப் பிடிப்பே. வயிற்றுக்கு மருந்தாய்க் குழந்தைகளை அழவைத்த விளக்கெண்ணெய், இவ்வாறு நுரைக்கு மூலப்பொருளாயிற்று. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. சோயா எண்ணெய்க்கு அப்பிடிப்பு இல்லை. இரசாயன முறையால் அதைச் சேர்க்க வேண்டும். அவ்வாறு செய்த சோயா நுரையை 2008 ஆம் ஆண்டு மாதிரி மோட்டார்க் காரின் ஆசனத்தில் போர்ட் நிறுவனம் பயன்படுத்தியது. இதே நிறுவனம் 1928 இல் அமேசன் காட்டில் இறப்பர்த் தோட்டம் அமைக்கத் தொடங்கி, இலைநோயினால் தோற்று, 1945 இல் கைவிட்டதென்பதும் நினைவுகூரத்தக்கது. எனினும் இந்த எண்ணெய் நுரைகளை முற்றும் தாவரமென்று விளம்பரஞ் செய்வது மிகை. நுரையின் மற்றப் பாதியான ஐசோசயனேற்று பொதுவாக இன்றும் பெற்றோலியத்திலிருந்தே வருகிறது. மரத்தின் பாலால் ஆன மெத்தைக்கு இக்குறை இல்லை. அதனாலேயே இயற்கைப் பொருளை நாடுவோரிடம் அதற்கு மீண்டும் மதிப்பு வந்துள்ளது. இலங்கையிலேயே அத்தகைய மெத்தைகளும் தலையணைகளும் செய்யப்பட்டு ஏற்றுமதியாகின்றன.

ஆனால் மரத்துக்குப் புதிய இடையூறு நேர்ந்திருக்கிறது. 2019 ஆம் ஆண்டளவில் இலங்கையின் இறப்பர்த் தோட்டங்களில் இலைகளில் வட்டப் புள்ளிகள் தோன்றி, பருவமல்லாப் பருவத்தில் இலை உதிரத் தொடங்கியது. இலையிழந்த மரத்திற் பால் குறையும். அந்நோய்க்குக் காரணமென அறிஞர் கண்டதும், முன்னர் மடுல்சீமையில் கோப்பி இலையின் அடியில் கண்டது போலவே, ஒரு பூஞ்சணம்.