அபாயப் பொருள் கசிவும் உள்ளாட்சியும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம்

ஆலையிலிருந்தோ சாலையில் செல்லும் டேங்கர் லாரியிலிருந்தோ நச்சு, அமில, எரியும் பொருள்கள் வெளியேறி நிலத்திலும் நீரிலும் காற்றிலும் கலப்பது அபாயப் பொருள் கசிவு எனப்படும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால், ஒரகடம் என மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பூங்காக்கள் தொடர்ந்து அமைந்திருக்கும் தொழில்தடம் காருக்கும் கைபேசிக்கும் பெயர் பெற்றது. அவற்றைச் செய்யத் தேவைப்படும் தின்னர், அமிலம், எல்பிஜி பற்றிப் பேச்சு குறைவு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள அந்த ஏரி சென்னையின் குடிநீர் ஆதாரம். ஆகவே இங்கே ஓர் ஓடையில் கொட்டியது ஓர் ஊரின் தொல்லையாக மட்டும் நின்றுவிடாது. கொட்டியவரிடம் பணம் வசூலிக்க இந்தியச் சட்டத்தில் வழிகள் ஏராளம். முதல் சில மணி நேரச் செலவை யார் கையிலிருந்து போடுவது என்பதற்குத்தான் தெளிவான ஏற்பாடு இல்லை.

இந்த நிலை படிப்படியாக வந்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், 249-ஆம் பிரிவிலும் ஐந்தாம் அட்டவணையிலும், தோல் பதனிடுதல், கொழுப்பு உருக்குதல், வெடிமருந்து வைத்திருத்தல் போன்ற தொழில்களுக்கு நகராட்சியின் உரிமம் வேண்டும் என்றது. பின்வந்த ஊராட்சிச் சட்டங்களும் இந்த உரிம முறையைத் தொடர்ந்தன. அபாயம் எங்கே இருக்கிறது என்ற கணக்கு அன்று உள்ளூரின் பதிவேட்டில் இருந்தது. 1984 போபால் நச்சுவாயு விபத்து அதை மாற்றியது. 1985-இல் டெல்லியில் நிகழ்ந்த ஓலியம் கசிவு வழக்கில், அபாயத் தொழில் நடத்துபவர் விதிவிலக்கின்றி முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், 1989-இல் அபாய இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளும் வந்தன. இந்த விதிகளின்படி ஆலைக்குள் நடப்பதற்கு ஆலையே திட்டம் வகுக்கும். ஆலைக்கு வெளியே நடப்பதற்கு மாவட்ட நிர்வாகம் திட்டம் வகுக்கும். 1996-ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகள் ஆட்சியர் தலைமையில் மாவட்ட நெருக்கடிக் குழுவையும், தொழில் வட்டார அளவில் உள்ளூர் நெருக்கடிக் குழுவையும் ஏற்படுத்தின. உள்ளூர்க் குழுவில் பத்திரிகை ஆசிரியருக்கு இடமுண்டு. ஊராட்சித் தலைவரோ, குழுத் தலைவர் நியமித்தால்தான் வரலாம். போபாலிலிருந்து கற்றது என்று சொல்லப்படும் ஏற்பாட்டில் இது விநோதமான இடவரிசை.

1989 விதிகள் அபாயத்தைச் சேமிப்பின் அளவால் வகுக்கின்றன. குளோரின் என்றால் 10 டன்னில் ஒரு கட்டக் கடமைகள், 25 டன்னில் கூடுதல் கடமைகள். பெரிய உர ஆலைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் பொருந்தும் வகைப்பாடு இது. உதிரிபாகம் செய்யும் நடுத்தர ஆலையில் இருக்கும் சில பீப்பாய் அமிலம் இந்த வரம்பைத் தொடாது. சாலையில் போகும் லாரியோ வேறு விதித்தொகுப்பின் கீழ் வருகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி டேங்கரின் பக்கத்திலும் பின்புறத்திலும் பொருளின் எண் எழுதிய பலகை இருக்க வேண்டும். 1830 என்றால் கந்தக அமிலம், 1789 என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1005 என்றால் அம்மோனியா. விபத்து நடந்தால் ஓட்டுநர் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும். ஊராட்சி அலுவலகம் இந்தச் சங்கிலியிலும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, 1986 சட்டத்தின் 9-ஆம் பிரிவு தெளிவானது. சீர்செய்ய ஓர் அரசு அமைப்பு செய்த செலவை வட்டியுடன், நிலவரி நிலுவையைப் போலவே வசூலிக்கலாம். 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், தவறை நிரூபிக்கத் தேவையின்றி ஆட்சியர் வழியாக நிவாரணம் கிடைக்கச் செய்தது. ஆனால் இயற்றப்பட்டபோது அதன் அட்டவணையில் உயிரிழப்புக்கு 25,000 ரூபாய், சொத்துச் சேதத்துக்கு 6,000 ரூபாய் என்றே இருந்தது. மண்ணை அள்ளும் கூலிக்கோ சுண்ணாம்பு மூட்டைக்கோ அதில் தனி ஒதுக்கீடு இருக்கவில்லை. வசூல் என்பது பின்னால் நடப்பது. அமிலம் ஓடையை நோக்கி ஓடுகையில் ஜேசிபிக்கு வாடகை அன்றே தர வேண்டும்.

எண்ணூரில் இந்த இடைவெளி வெளிப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சென்னை பெட்ரோலியம் நிறுவன வளாகத்திலிருந்து எண்ணெய் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் கலந்தது. மீனவர்கள் குவளையும் வாளியும் கொண்டு எண்ணெயை அள்ளினர். மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 5.92 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு விதித்தது. மாறாக, 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானி ஆலையில் பாதரசம் கலந்த மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு உரிமையாளரான நிறுவனத்தின் மீதே நின்றது. எவ்வளவு சுத்தம் போதும் என்ற சர்ச்சையிலோ ஆண்டுகள் கழிந்தன. உரிமையாளர் தெரிந்திருந்தாலும் வேகம் வந்துவிடாது என்பதற்கு அது சான்று. தொழில்தடத்தில் பரவலாக அறியப்பட்ட நிகழ்வு 2010 ஜூலையில் ஃபாக்ஸ்கான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. பூச்சிமருந்துத் தெளிப்பே காரணம் எனக் கூறப்பட்டது. அது ஆலைச் சுவருக்குள் நிகழ்ந்ததால் உள்ளாட்சியின் செலவுக் கேள்வி எழவில்லை.

முதல் சில மணி நேரச் செலவை ஊராட்சியே ஏற்பது ஒரு வழி. ஊராட்சி தன் பணத்தைப் போட்டால் ஆலைகள் அசட்டையாகிவிடும் என்று இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. வட்டியுடன் திரும்பப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கையில் அது கடன்தான், தானம் ஆகாது. ரசீதும் அளவுக் குறிப்பும் அன்றே எழுதப்பட்டால் போதும். இந்தக் காகிதம் இல்லாவிட்டால் கோரிக்கை தடுமாறும். இரசாயனத்தைக் கையாள ஊராட்சிக்கு அறிவேது என்பது இன்னொரு ஆட்சேபம். இது நியாயமானது: அடர் அமிலத்தின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கேடு கூடும், அதைத் தீயணைப்புத் துறைக்கு விட வேண்டும். ஆனால் எந்த மதகை மூடினால் ஏரி தப்பும், எந்தக் கால்வாயில் மணல் மூட்டை அடுக்க வேண்டும் என்பது ஏரி நீரைப் பங்கிடும் உள்ளூர் நீர்க்கட்டிக்குத் தெரியும் அளவுக்கு மாவட்டத் தலைநகரில் தெரியாது. ஆலைத் தொழிலாளரின் தொழில்வரி உள்ளாட்சிக்கே வருவதால், அதில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கி வைப்பதில் அநீதி எதுவும் இல்லை.

வசூலுக்கான சட்டமோ மேலும் நகர்ந்துள்ளது. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே சீரமைப்புக்கான இழப்பீட்டை விதிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.